பட்டாடை மறைத்த சட்டம்

'தி டச்சஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. விருது வழங்கியோரை நான் குறை சொல்லேன். அப்படத்தில் குறைவின்றிச் செய்யப்பட்டிருப்பவை ஆடைகள்தாமே!

கதை கற்பனையன்று. 1774இல், ஐந்தாம் டெவன்ஷயர் டியூக்கிற்கு மனைவியானாள் ஜார்ஜியானா ஸ்பென்சர். அப்போது அவளுக்கு வயது பதினேழு. 1782இல் பாத் நகரில் எலிசபெத் ஃபாஸ்டர் என்னும் பெண்ணை அவள் தோழியாகப் பெற்றாள். அத்தோழி அரண்மனைக்கு வந்தாள், டியூக்கின் காதற்கிழத்தியும் ஆனாள், அங்கேயே தங்கினாள். மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர்.

இதைப் படம் எப்படிக் காட்டுகிறது? இறுகிய முகமும், நாய்களிடம் மட்டும் கனிவும் கொண்ட ஒரு கணவன். அவனிடம் அகப்பட்ட ஓர் அழகி. நாமும் அவனை வெறுத்து, அவளுக்காகக் கண்ணீர் சிந்தி, எழுந்து வந்துவிடுகிறோம். என் சினம் இங்கேதான் பிறக்கிறது. டியூக் கனிவானவனாக இருந்திருந்தால் குறையொன்றும் இல்லை என்றல்லவா இதற்குப் பொருள்? அவன் கையிலிருந்த வாள் அவன் வார்த்ததன்று. இங்கிலாந்தின் சட்டம் வார்த்துக் கொடுத்தது. மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி இருப்பே இல்லை. தனி ஏற்பாடு செய்யப்படாத உடைமை கணவனுக்கு, பிள்ளைகள் தந்தைக்கு. சார்லஸ் கிரேயைத் துறக்காவிடில் பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்ற மிரட்டலுக்கு அவள் பணிந்தது கோழைத்தனத்தால் அன்று. முறையிட ஒரு நீதிமன்றம் அவளுக்கு இருந்ததா?

அந்தத் தோழியின் கதையும் இதுவே. கணவனைப் பிரிந்த அவள் தன் இரு ஆண்மக்களைப் பதினான்கு ஆண்டுகள் காணவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஒரு தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்று சட்டம் வந்தது 1839இல்! மணமான பெண்ணின் சொத்துரிமை 1870லும் 1882லும் தவணை முறையில் வந்தது. இவ்வளவையும் தோழியின் துரோகம் என்ற சிமிழுக்குள் படம் அடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. டியூக்கிற்கு மணத்திற்கு வெளியே பிறந்த சார்லட் என்ற மகளை ஜார்ஜியானா தன் வீட்டில் வைத்து வளர்த்தாள். அவளுக்குக் கிரேயால் 1792இல் பிறந்த எலிசாவோ கிரேயின் பெற்றோர் வீட்டிற்கு அனுப்பப்பட்டாள். இந்த இரு குழந்தைகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாலே போதும். அக்காலத்தின் நீதி விளங்கிவிடும். படத்தில் இருவரும் வருகிறார்கள். கணக்கு மட்டும் கேட்கப்படவில்லை.

அவள் வெறும் அழகுப் பதுமையும் அல்லள். 1784ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காகத் தெருத்தெருவாக நடந்து வாக்குக் கேட்டாள். முத்தங்கொடுத்து வாக்கு வாங்குகிறாள் என்று கேலிச்சித்திரக்காரர்கள் அவளைச் சந்தியில் நிறுத்தினர். ஃபாக்ஸ் வென்றார். மறுபுறம், சூதாட்டத்தில் பெருங்கடன்பட்டு அதைக் கணவனிடம் மறைத்து மறைத்தே காலங்கழித்தாள். இரண்டையும் மெல்லத் தொட்டு விலகுகிறது படம். அறிவும் குற்றமும் உடைய பெண்ணைவிட, அழுகின்ற பெண்ணே விலைபோவாள் போலும்! ஸ்பென்சர் குடும்பத்தில் பிறந்த இளவரசி டயானாவின் நினைவைக் கிளறி விளம்பரம் செய்ததும் அந்தச் சந்தைக் கணக்குத்தான்.

1806இல் ஜார்ஜியானா மறைந்தாள். 1809இல் டியூக் அந்தத் தோழியையே மணந்துகொண்டார். காதலன் கிரேயோ 1830இல் பிரதமரானார். 1832இல் அவருடைய அரசு கொண்டுவந்த புகழ்பெற்ற சீர்திருத்தச் சட்டம், வாக்குரிமையைப் புதிதாகப் பெறுவோர் 'ஆண்கள்' என்று எழுத்திலேயே வரையறுத்தது.