ஆபீஸ் தொல்லை: மேனேஜரோட குணமா, கம்பெனியோட திட்டமா?

‘அவர் சுபாவமே அப்படித்தான், கண்டுக்காதீங்க!’ மேனேஜர் மீது புகார் சொன்னால் பல ஆபீஸ்களில் கிடைக்கும் பதில் இது. ஆனால், தொல்லை கொடுப்பது ஒருவருடைய சுபாவம் மட்டும்தானா? பிரான்ஸ் நீதிமன்றங்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டன.

என்ன வழக்கு?

இன்று ‘ஆரஞ்ச்’ என்ற பெயரில் இயங்கும் பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம், 2006-ல் சுமார் 1,20,000 ஊழியர்களில் 22,000 பேரை மூன்றே ஆண்டுகளில் குறைக்கத் திட்டமிட்டது. பெரும்பாலோர் அரசு ஊழியர் அந்தஸ்து பெற்றவர்கள். வேலையை விட்டு நீக்க முடியாது. எனவே, அவர்களாகவே போகும் நிலையை உருவாக்கியது நிர்வாகம். கட்டாய இடமாற்றம், தகுதிக்குப் பொருந்தாத வேலை, ‘கிளம்புங்க’ என்று வற்புறுத்தும் மின்னஞ்சல்கள் எனத் தொல்லை தொடர்ந்தது. கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ ஆட்களை அனுப்பிவிடுவேன் என்று உயரதிகாரிகள் கூட்டத்திலேயே பேசினார் தலைமை நிர்வாகி டிடியே லொம்பார்.

விளைவு? 39 ஊழியர்களின் நிலையை நீதிமன்றம் ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 12 பேர் முயன்றவர்கள். 8 பேர் மன அழுத்தத்தில் வீழ்ந்தவர்கள்.

2019 டிசம்பரில் நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம்; லொம்பாருக்குச் சிறைத் தண்டனை. 2022 மேல்முறையீட்டில் அவரது சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டாலும், குற்றம் உறுதியானது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஊழியர்களைத் துன்புறுத்தும் கொள்கையை வகுத்தாலே குற்றம், ஒவ்வொருவரையும் நேரில் திட்டியிருக்க வேண்டியதில்லை என்பதே இதன் சாரம்.

இங்கே என்ன நிலை?

பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையை விசாரிக்க, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு கட்டாயம் என்கிறது 2013 சட்டம். அதில் வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். ஆனால், மீட்டிங்கில் அவமானப்படுத்துவது, வேலை தராமல் ஒதுக்குவது, காரணமே சொல்லாமல் ரேட்டிங்கைக் குறைப்பது போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஹெச்ஆரிடம் போகலாம். அவருக்குச் சம்பளம் தருவதும் அதே நிர்வாகம்தான்!

இன்க்ரிமென்ட் குறைந்தால்கூட, காரணம் நேர்மையாகச் சொல்லப்பட்டால் பலரும் பொறுத்துக்கொள்வார்கள். கேட்கவே ஆளில்லை என்பதுதான் மனதை உடைக்கிறது. ஆகவே, வெளியாள் இடம்பெறும் விசாரணைக் குழுவை எல்லா வகைத் தொல்லைகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நிறுவனங்களே இதைச் செய்யலாம். பெரிய செலவும் இல்லை.

அதுவரை ஊழியர்கள், நடந்ததைத் தேதியுடன் எழுதி வைப்பதும், வாய்மொழிப் புகாரை மின்னஞ்சலாக அனுப்புவதும் நல்லது. ‘கண்டுக்காதீங்க’ என்ற பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்!

*மன உளைச்சலில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.*