தாராசுரம் படிகளும் மியூட் பட்டனும்

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நந்திக்கு அருகே, பலிபீடத்தை ஒட்டிய கல் படிகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கும். தட்டினால் படிக்குப் படி ஓசை மாறும் என்பதால் இவை 'இசைப் படிகள்'. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய கோயில் இது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் எல்லோரும் தட்டிப் பார்த்தால் கல் தாங்குமா? அதனால் வேலி.

கல்லைத் தொட முடியாது. ஆனால், தனித்தனி ஓசைகளைச் சேர்ப்பதும் அடக்குவதுமான அந்த விளையாட்டை லேப்டாப்பில் ஆடலாம். அதற்குப் பெயர் மாடுலர் சிந்தசைஸர். ஓசையை உருவாக்க ஒரு பெட்டி, அதன் தன்மையை மாற்ற இன்னொன்று என வாங்கி, வயரால் இணைக்க வேண்டும். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு இப்படியொரு 'மூக்' கருவி வந்தது. அதை நிறுவ உதவியவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். அன்று ஒரு நிறுவனத்தால் மட்டுமே வாங்க முடிந்தது, இன்று வீட்டு லேப்டாப்புக்கே வந்துவிட்டது. 2017-ல் வெளியான 'வி.சி.வி ராக்' மென்பொருளை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். பெட்டி, வயர் எல்லாம் திரையில்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டியவை மிக்ஸரும் மியூட்டும். மிக்ஸர், பல ஓசைகளை ஒன்றாகக் கூட்டும். நான்கையும் முழு அளவில் வைத்தால் கூட்டுத்தொகை எல்லை மீறி, ஓசை பிசிறடிக்கும். எல்லாக் குமிழ்களையும் குறைத்து வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றுவதே நல்லது. ஹெட்போன் போட்டிருந்தால் காதுக்கும் அதுதான் பாதுகாப்பு.

'மியூட்ஸ்' பெட்டியில் பத்து பட்டன்கள் இருக்கும். ஓசைக்கும் மிக்ஸருக்கும் நடுவே இதை வைத்தால், ஒரு பட்டனில் ஓர் ஓசை அடங்கும். அடங்குமே தவிர, நிற்காது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசிக்கும்போது கடக் கலைஞர் சும்மா இருப்பார். தாளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தன் முறை வந்ததும் சரியான இடத்தில் சேர்ந்துகொள்வார். மியூட்டும் அப்படித்தான்.

ஓசையை நேரடியாக வெட்டினால் சில சமயம் 'டக்' என்று கேட்கும். அதற்குப் பதிலாக, ஓசையை எழுப்பும் 'கேட்' சிக்னலை மியூட் செய்து பார்க்கலாம். ஒலித்துக்கொண்டிருப்பது இயல்பாகத் தேய்ந்து அடங்கும். எட்டு ஓசைகளைச் சேர்த்துவிட்டு, ஐந்தை மியூட் செய்து கேளுங்கள். மிச்சமிருக்கும் மூன்றும் அப்போதுதான் தெளிவாகக் கேட்கும்.

திரையில் அடக்கிய ஓசை ஒரு க்ளிக்கில் திரும்பிவிடும். தேய்ந்துபோன கல்லுக்கு அப்படியொரு பட்டன் கிடையாது. தாராசுரத்தில் வேலிக்கு வெளியே நிற்கும்போது, 'ஏன் தட்டக் கூடாது?' என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.