மலரைத் தீட்டிய கைகள் எவருடையவை?

தாவரவியல் நூல்களிலே காணப்படும் மலரோவியங்கள் கலையாகா, அறிவியலுக்குச் செய்யப்பட்ட ஏவற்பணியே என்பார் ஒரு சாரார். அவற்றைச் சட்டமிட்டுச் சுவரிலே தொங்கவிட்டு, 'றெடூட்டேயின் றோசா' என மெய்ம்மறப்பார் மற்றொரு சாரார். ஒருவரையொருவர் மறுப்பவர்போலத் தோன்றினும் இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். அவ்வோவியம் எவ்வாறு ஆக்கப்பட்டது என இவர்கள் வினவுவதேயில்லை.

பியர் ஜோசப் றெடூட்டே பாரிஸில் 1802 முதல் 1816 வரை வெளியிட்ட 'லிலியாசே' தொகுதிகளை நோக்குக. 486 படங்கள். மூலத்தை அவரே நீர்வண்ணத்தில் வரைந்தார், அதில் ஐயமில்லை. ஆயின் வாசகன் கையிற் சேர்ந்தது அம்மூலமன்று. செதுக்குநர் ஒருவர் அதனைச் செப்புத்தகட்டிலே நுண்புள்ளிகளாற் பதித்தார். இதழின் மென்மையும் நிழலின் படிப்படியான தேய்வும் அப்புள்ளிகளின் நெருக்கத்தைப் பொறுத்தவை. பின்னர் அச்சாளர் அந்த ஒரே தகட்டின்மீது இதழுக்கொரு நிறம், இலைக்கொரு நிறம் எனப் பல மைகளைச் சிறு துணிப்பொதியால் ஒற்றினார். ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வேலையை மீளச் செய்தல் வேண்டும். ஆதலின் ஒரு பிரதி போல் மறு பிரதி அமைவதில்லை. ஈற்றிலே தூரிகை பிடித்த இன்னொரு கை குறைகளை நிரப்பியது. படத்தின் அடியில் ஓவியர் பெயருண்டு. செதுக்குநர் பெயரும் பொடியெழுத்தில் உண்டு. நிறந்தீட்டிய கைக்கோ பெயரில்லை.

'கற்பனை ஓவியருடையது, ஏனையோர் சொன்னதைச் செய்தவர்' என்றொரு விடை ஆயத்தமாக உண்டு. மூளைக்கு மகுடமும் கைக்குக் கூலியும் வழங்கும் பழைய வர்க்க நியாயமே இது. 1542இல் பாசல் நகரிலே அச்சான லெயோன்ஹார்ட் பூக்ஸின் மூலிகை நூல் இதனை அன்றே மறுத்துவிட்டது. 500க்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களைக் கொண்ட அந்நூலின் இறுதியில், செடியைப் பார்த்து வரைந்த மையர், அதனைக் கட்டைக்கு மாற்றிய பூல்மவுறர், கட்டையைச் செதுக்கிய ஸ்பெக்கிள் ஆகிய மூவரின் உருவப்படங்களும் உள்ளன. (நூலாசிரியரின் படம் முன்பக்கத்தில், முழு உருவமாக உள்ளது என்பது வேறு!)

பின்வந்தோர் இவ்வளவேனும் செய்யவில்லை. 1787இல் லண்டனில் தொடங்கிய கேட்டிஸின் தாவரவியற் சஞ்சிகை 1948 வரை தன் படங்களைக் கையாலேயே நிறந்தீட்டி வந்தது. 160 ஆண்டுகள்! அத்தூரிகைக்காரரை எவர் அறிவார்?

எமக்கு அணித்தான சென்னையிலும் இதுவே கதை. கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் றொபேட் வைற் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட கல்லச்சுப் படங்கள் 2,000க்கும் அதிகம். அவருக்காக வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர். வைற் நன்றி மறவாதவர். ஓர் ஓர்க்கிட் சாதிக்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். பிற்காலத் தாவரவியலாளர் அச்சாதியை 'துரோப்பிடியா'வுள் அடக்கிவிட்டனர். இன்று கோவிந்துவின் பெயரைக் காண வேண்டுவோர் அவர் வரைந்த படங்களின் அடியிலேதான் தேடவேண்டும். சட்டமிடுவோர் அவ்வடியையும் வெட்டிவிடுவரோ?