ஷியர் பாக்ஸை மூட்டை கட்டாதீர்கள்



"இனிமே எதுக்குப்பா லேப்? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாம்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். ப்ரூவிங் ரிங் ரிப்பேராகி, நம் ஷியர் பாக்ஸ் ஆறு மாதமாகத் துணி போர்த்திக் கிடக்கிறதல்லவா? அதனால் இந்தப் பேச்சு எல்லோருக்கும் சௌகரியமாகவும் இருக்கிறது. எனக்கு இதில் சம்மதமில்லை.

என் அப்பா மாவு மில்லில் வேலை பார்ப்பவர். ஹாப்பரில் மாவு வளைவு கட்டி நின்றுவிட்டால் மரச்சுத்தியலால் தட்டுவார். ராத்திரி அவர் தோள்பட்டைக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. அழுத்தினால் மாவுக்குள் எவ்வளவு பிடிப்பு வருகிறது என்று அளந்து, அதற்கேற்ப ஹாப்பரின் வாயையும் சரிவையும் வைத்தால் இந்தத் தட்டலே வேண்டாம். ஆண்ட்ரூ ஜெனிக்கி 1964-லேயே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக வெளியீட்டில் இதை எழுதிவிட்டார். அவர் அளந்ததும் நம் பெட்டி போன்ற ஒன்றில்தான். வட்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் முறையைப் பிரபலமாக்கியது கன்டல், ஸ்ட்ராக் இருவரும் 1979-ல் எழுதிய கட்டுரை. ஒவ்வொரு துகளும் ஓர் உருண்டை. இரண்டு முட்டிக்கொண்டால் நடுவில் ஒரு ஸ்பிரிங், ஒரு டாம்பர், கொஞ்சம் உராய்வு. நியூட்டன் விதிப்படி துளித்துளி நேரமாக நகர்த்த வேண்டும். பெட்டிக்குள் நடப்பது இதில் கண்ணுக்குத் தெரிகிறது. பாரத்தில் பெரும்பங்கைச் சங்கிலி மாதிரி சில துகள்களே தாங்குகின்றன. (தேர் வடம் பிடிக்கிறவங்க எல்லாரும் இழுக்கிறாங்களா என்ன!)

ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பெட்டியில் வைக்கும் மாதிரி 60 x 60 x 25 மி.மீ. சிமெண்ட் மாதிரிப் பொடியை 20 மைக்ரான் உருண்டைகளாக வைத்து, இடத்தில் 60 சதம் நிரப்பினால் சுமார் 1,300 கோடி உருண்டைகள்! நம்ம கம்ப்யூட்டர் லேப் தாங்குமா? அதனால்தான் துகளைப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். பெரிதாக்கினால் பிடிப்பு மாறும். உடனே எண்களைத் திருத்த வேண்டும். எதைப் பார்த்துத் திருத்துவது? லேபில் அளந்ததைப் பார்த்துத்தான்! அதிலும் ஒரு வம்பு. வழுக்கும் உராய்வைக் கூட்டி, உருளும் தடையைக் குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே விடை வரலாம். பொடியைக் குவித்துச் சரிவுக் கோணத்தையும் அளந்தால்தான் எது பொருந்துகிறது என்று கொஞ்சமாவது பிடிபடும்.

சங்க நிர்வாகிகளே, ப்ரூவிங் ரிங்கை ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லி பிரின்சிபாலிடம் ஒரு மனு கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். டெஸ்ட் பண்ண அப்பாவிடம் சொல்லி ஒரு படி மாவும் கொண்டு வருகிறேன்.