மண்புழு என்னும் ஒரு சொல்

வீட்டுக் குப்பையை எருவாக்கும் புழுவைப் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போதெல்லாம் ‘மண்புழு’ என்னும் ஒரே சொல்லையே யானும் பிறரும் ஆண்டு வருகின்றோம். இச்சொல்லை நம்பித் தோட்டத்து மண்ணைக் கிளறிப் புழுவெடுத்துத் தொட்டியிலிட்டு, அவை மாண்டமை கண்டு சலிப்புற்ற அன்பர்கள் உளர். பிழை அவர்களுடையதன்று, சொல்லினுடையது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் பூஷே 1970களில் மண்புழுக்களை வாழுமிடம் நோக்கி மூவகையாகப் பகுத்தார். மண்ணையே உண்டு மண்ணுள் வாழ்வன ஒருவகை. ஆழ்ந்த வளை தோண்டிச் சருகை உள்ளே இழுத்துச் செல்வன மற்றொருவகை. மேற்பரப்பிலுள்ள சருகிலும் சாணத்திலும் வாழ்வன மூன்றாம் வகை. தொட்டிக்கு உரியவை இம்மூன்றாம் வகையினவே. ஐசீனியா ஃபெட்டிடா, நம் நாட்டில் இயல்பாகவே காணப்படும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை.

இவற்றுக்கு நுரையீரல் இல்லை, ஈரத்தோலினாலேயே சுவாசிக்கின்றன. ஆதலின் படுக்கை உலர்ந்தாலும், காற்றுப் புகாது நீர் தேங்கினாலும் மடியும். ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள. எனினும் பெரும்பாலும் இரு புழுக்கள் கூடிய பின்னரே முட்டைக்கூடு இடும். ஐசீனியாவின் கூடொன்றிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வெளிவருதல் இயல்பு. 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தை அது தாங்காது. தில்லியின் மே மாதத்தில் தொட்டியை வெயிலில் வைத்தவர் புழுவை இழப்பது உறுதி.

இவ்வகைக்கு ‘எருப்புழு’ எனத் தனிப்பெயர் வேண்டும் என்பது என் கருத்து. இதனினும் தக்க சொல்லைக் கலைச்சொல் அறிஞர் காண்பராயின் மகிழ்ந்து ஏற்பேன். அதுவரை, புழு வாங்குவோர் விற்பவரிடம் இனத்தின் பெயரைக் கேட்டறிந்தே பெறுவாராக.