யாருடைய ஓநாய்?

அந்தத் தம்பதிக்குக் கல்யாணமாகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது சண்டை. நியூயார்க்கில் ஒரு பழைய கட்டடம். துணை மேயரின் அறைக்குப் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறார்கள். மனைவிக்குக் கோபம் வந்தால் கணவனுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் முளைத்துவிடும். அவளுடைய அன்பு குறையக் குறைய அவன் மிருகமாகிக்கொண்டே போவான். பழைய சாபம், முழுதாக நீங்கவில்லை. துணை மேயர் கையை விரிக்கிறார்: குடும்பத் தகராறைத் தீர்ப்பது நிர்வாகத்தின் வேலை அல்ல.

கணவன் மனைவி, நாம் சிறுவயதில் படித்த அழகியும் அரக்கனும். துணை மேயர், ஏழு குள்ளர்களுடன் வாழ்ந்த ஸ்நோ ஒயிட். பில் வில்லிங்ஹாம் எழுதி, டி.சி. நிறுவனத்தின் வெர்டிகோ பிரிவு 2002ல் வெளியிடத் தொடங்கிய 'ஃபேபிள்ஸ்' காமிக்ஸ் தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. முதல் கதைக்கு லான் மெடினாவும், பிறகு பெரும்பகுதிக்கு மார்க் பக்கிங்காமும் படம் வரைந்தார்கள். 2015ல் 150வது இதழோடு முடிந்தது. 2022ல் மீண்டும் தொடங்கி 2024ல் 162வது இதழோடு நின்றது. காமிக்ஸ் உலகின் பெரிய கௌரவமான ஐஸ்னர் விருதைப் பலமுறை வாங்கியது.

தேவதைக் கதைகளைக் கிண்டல் செய்யும் தமாஷ் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அடிப்படையில் இது அகதிகளின் கதை. பெயர் தெரியாத ஒரு எதிரி, கதாபாத்திரங்களின் தேசங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். தப்பியவர்கள் நம் உலகத்துக்கு ஓடிவந்து, நியூயார்க்கின் ஒரு தெருவில் ரகசியமாகக் குடியிருக்கிறார்கள். ராஜ்ஜியம் போய்விட்டது, ராஜகுமாரன் என்ற பட்டம் மட்டும் மிச்சம். மூன்று முறை விவாகரத்தான அழகிய ராஜகுமாரன் கையில் காசில்லாமல் பெண்களின் தயவில் காலம் தள்ளுகிறான். 'அதன்பின் சுகமாக வாழ்ந்தார்கள்' என்று பாட்டி கதையை முடித்தாளே, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் வில்லிங்ஹாமின் கேள்வி.

பழைய குற்றங்களுக்கு எல்லாருக்கும் பொதுமன்னிப்பு. அதனால்தான் மூன்று பன்றிகளின் வீட்டை ஊதித் தள்ளிய ஓநாய் இங்கே மனித உருவில் ஷெரீஃப். ஆனால் மன்னிப்பு எல்லாரையும் சமமாக்கிவிடவில்லை. மனித வடிவம் இல்லாதவர்கள் நகரத்தில் இருக்கக்கூடாது. காசு உள்ளவர் சூனியக்காரியிடம் மாய உருவம் வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர் ஊருக்கு வெளியே உள்ள பண்ணைக்குப் போகவேண்டும். வேலி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிறைதான். இரண்டாவது கதையில் பண்ணையில் புரட்சி வெடிக்கிறது. தலைவி யார் தெரியுமா? மூன்று கரடிகள் வீட்டில் கஞ்சி குடித்த அந்தச் சின்னப் பெண், துப்பாக்கியோடு.

இன்னொரு விதி முக்கியமானது. சாதாரண மனிதர்கள் ஒரு கதையை எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்களோ, அந்தக் கதையின் பாத்திரத்துக்கு அவ்வளவு ஆயுள் கெட்டி. ஸ்நோ ஒயிட் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைக்கிறாள். உலகமெங்கும் அவளைத் தெரியும். மறக்கப்பட்ட பாத்திரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இந்த விதியில் ஒரு சங்கடம் உண்டு. யாருக்குத் தெரிந்த கதை? ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குத்தானே! பண்ணைப் புரட்சியில் ஷேர்கானும் பகீராவும் இருக்கிறார்கள். பிற்பாடு மௌக்லி உளவாளியாக வருகிறான். கிப்ளிங்கின் வாசல் வழியாக வந்த இந்தியர்கள். பின்னர் 'ஃபேரஸ்ட்' என்ற துணைத் தொடரில் நளாயினி என்ற பெயரிலேயே ஒரு நாயகி வந்தாள். கிராமத்தைக் காப்பாற்ற மகாராஜாவைத் தேடிப் போகிறாள். போய்ப் பார்த்தால், மகாராஜா வேறு யாருமல்ல, அந்த ஐரோப்பிய அழகிய ராஜகுமாரன்தான். சிரிப்பதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லிங்ஹாம் கடைப்பிடித்த ஒரு கட்டுப்பாடு, யாருக்கும் உரிமையில்லாத பாத்திரங்களை மட்டுமே எடுப்பது. ஸ்நோ ஒயிட்டை எடுக்கலாம். அவள் கதையை கிரிம் சகோதரர்கள் 1812ல் அச்சிட்டார்கள். 1937ல் டிஸ்னி தன் படத்தில் குள்ளர்களுக்கு வைத்த பெயர்களைத் தொட முடியாது. அந்தப் பெரிய எதிரி வேடத்துக்கு அவர் முதலில் நினைத்தது பீட்டர் பேனை. குழந்தைகளைத் தூக்கிப்போகும், வளராத பையன், வில்லனாகப் பொருந்தியிருப்பான். ஆனால் ஜே.எம். பாரி 1929ல் அந்த உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஐரோப்பாவில் 2007 வரை அது செல்லும். வேடம் வேறொருவருக்குப் போயிற்று. யாருக்கு என்று சொன்னால் படிக்கப்போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

இப்படி உரிமையற்ற கதைகளிலிருந்து கட்டிய வீட்டுக்கே உரிமைத் தகராறு வந்ததுதான் வேடிக்கை. 2023 செப்டம்பரில் வில்லிங்ஹாம் ஓர் அறிக்கை விட்டார். ஃபேபிள்ஸ் இனி பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம், படமெடுக்கலாம் என்றார். ஒப்பந்தப்படி உரிமை தன்னுடையது, டி.சி. அதை மதிக்கவில்லை, பணம் ஒழுங்காகத் தரவில்லை, முடிவுகளில் தன்னைக் கேட்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. பெரிய நிறுவனத்தோடு வழக்காட வசதியில்லை. அதனால் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன் என்றார். டி.சி. உடனே மறுத்தது. உரிமை தன்னுடையதே, அதைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்தது.

சட்டப்படி அவர் அறிவிப்பு செல்லுமா என்பது வக்கீல்கள் வேலை. உரிமை அவருடையது என்றால் அவர் கொடுக்கலாம். இல்லையென்றால் இல்லாததைக் கொடுக்க முடியாது. ஒரு அறிக்கையை நம்பி யாரும் பணம் போட்டு ஃபேபிள்ஸ் படம் எடுக்கப்போவதில்லை. ஆனால் அவர் கூடவே சொன்ன யோசனை யோசிக்கத்தக்கது. படைப்பு வெளியாகிச் சுமார் 20 ஆண்டுகள் படைத்தவருக்குச் சொந்தமாக இருந்தால் போதும், அப்புறம் ஊருக்கு என்றார். அமெரிக்கச் சட்டம் நிறுவனங்களின் படைப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் தருகிறது. 1928ன் முதல் மிக்கி மவுஸ் படம் 2024ல்தான் விடுதலையானது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள். முன்பு 50 தான்; தாகூரின் நூல்கள் விடுதலையாகும் நேரத்தில், 1992ல் 60 ஆக்கினார்கள்.

20 ஆண்டு குறைவு என்றே எனக்குப் படுகிறது. நாற்பது வயதில் எழுதியவனுக்கு அறுபதில், வேறு வருமானம் இல்லாத வயதில், உரிமை பறிபோவது நியாயமில்லை. ஆனால் 95 ஆண்டு எழுதியவனுக்குப் பயன்படுவதில்லை; அவன் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான். அது நிறுவனத்துக்கான ஏற்பாடு.

கிரிம் சகோதரர்கள் கதைகளைத் தாங்களாக உண்டாக்கவில்லை. சொன்னவர்களிடம் கேட்டு எழுதினார்கள். முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்ல நினைப்பவள் பெற்ற தாய்; 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கினார்கள். நம் பஞ்சதந்திரம் பாரசீகத்திலும் அரபியிலும் நரி பெயரை மாற்றிக்கொண்டு பயணம் போனது. அனுமதி கேட்க ஆளில்லாததால்தான் இதெல்லாம் நடந்தது. பாட்டிகள் ஒப்பந்தம் போட்டிருந்தால், வில்லிங்ஹாமுக்கு ஓநாயும் கிடைத்திருக்காது, ஷெரீஃபும் கிடைத்திருக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை: தலைப்பைப் பார்த்துக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தமும் படுக்கையறையும் தாராளம். பெரியவர்கள் படிக்கலாம். படித்த பிறகு அந்தப் பாத்திரங்களை நினைவில் வையுங்கள். கதையின் விதிப்படி, அவர்களுடைய ஆயுள் டி.சி.யிடமும் இல்லை, வில்லிங்ஹாமிடமும் இல்லை.