இரவலின் இலக்கணம்

கல்லூரியில் நன்னூல் நடத்துவோருக்குக் கணினி நிரல்மொழியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். கற்றல் எத்துறையில் நிகழ்ந்தாலும் அது ஆசிரியரின் அக்கறைக்கு உரியது என்பதே நம் விடை. அதிலும், ஒரு தொழிலில் இருபது ஆண்டு பழகியவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கும்போது நேர்வன, பதினெட்டு வயது மாணவரிடம் காணக் கிடைக்காதவை. மென்பொருள் துறையில் உள்ள நண்பர்கள் சிலர் அந்நிலையில் இருக்கின்றனர். சி, சி++ மொழிகளில் கைதேர்ந்த அவர்கள் ரஸ்ட் என்னும் மொழியைக் கற்கின்றனர். கற்கும்போதே சினமும் கொள்கின்றனர். அந்தச் சினத்தைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

ரஸ்ட், கம்பைல் செய்யப்படும் மொழி. அதாவது, எழுதிய நிரல் முழுவதையும் கம்பைலர் என்னும் மென்பொருள் முன்கூட்டியே படித்து, எந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும்; பிழை கண்டால் மறுக்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியும் இவ்வகையே. ஆயினும் சி மொழியின் கம்பைலர் எழுதுபவரை நம்பும். கணினியின் நினைவகத்தில் இடம் கேட்டுப் பெற்றவர் அதை முறையாகத் திருப்பித் தந்தாரா, தந்த பின்னும் பயன்படுத்துகிறாரா, எல்லை தாண்டி எழுதுகிறாரா என்பதையெல்லாம் அது பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கவனம் எழுதுபவரின் தலையில் இருந்தது. அதற்குத்தான் அனுபவம் என்று பெயர்.

கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாக ரஸ்டைத் தொடங்கினார். 2009இல் மொசில்லா நிறுவனம் ஆதரவளித்தது. 2015 மே மாதத்தில் 1.0 பதிப்பு வெளிவந்தது. அம்மொழி மேற்சொன்ன கவனத்தைத் தலையிலிருந்து எடுத்து இலக்கணத்தில் வைத்துவிட்டது. அதன் விதிகளைப் புத்தக இரவலைக் கொண்டு விளக்கலாம். ஒரு புத்தகத்துக்கு உரியவர் ஒருவரே. அவர் அதை வேறொருவருக்கு உரிமையாக்கிவிட்டால் பின்னர் அதைத் தொடமுடியாது. இரவல் தரலாம், படிப்பதற்கு மட்டும் என்றால் எத்தனை பேருக்கும் தரலாம். ஓரத்தில் குறிப்பெழுத என்றால் ஒருவருக்கு மட்டுமே. அவர் எழுதி முடிக்கும்வரை வேறெவரும் படிக்கவும் கூடாது. இரவல் வெளியே இருக்கும்போது உரியவர் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடக் கூடாது. இவ்வளவுதான். நூலகத்துக்குச் சென்று பழகிய எவருக்கும் இது விளங்கும். ஆனால் இவற்றுள் ஒன்று மீறப்பட்டாலும் கம்பைலர் நிரலை ஏற்காது.

விளங்குகின்ற விதி ஏன் சினமூட்டுகிறது? பழக்கமே காரணம். முன்னும் பின்னும் கைகோத்து நிற்கும் இரட்டைத் தொடர் பட்டியலைச் சி மொழியில் முதலாண்டு மாணவரே எழுதுவர். ரஸ்டில் அது எளிதன்று. ஒவ்வொரு கண்ணியையும் இருபுறமும் இருவர் பற்றியிருக்க, உரியவர் யார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். கைப்பழக்கத்தில் வந்த ஒன்று பத்து முறை மறுக்கப்படும்போது, தேர்ந்தவர் தம் தேர்ச்சியே மறுக்கப்படுவதாகக் கருதுகிறார். உடனே குறுக்குவழி தேடுகிறார். இரவல் தருவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் படியெடுக்கிறார். அல்லது காவலைத் தளர்த்தும் 'அன்சேஃப்' என்னும் சொல்லைத் தேவையற்ற இடத்திலும் போடுகிறார். ரஸ்ட் எழுத்துகளில் பழைய சி மொழியையே எழுதுகிறார். நன்னூலின் பாயிரம் கடை மாணாக்கருக்குக் காட்டும் உவமைகளுள் நெய்யரியும் ஒன்று: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அனுபவம் மிக்கவருக்கு நேரக்கூடிய ஆபத்தும் இதுவே.

'இத்தனை ஆண்டுகள் எழுதிய எங்களுக்கு எதற்கு இந்தக் காவல்?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை எண்ணிப் பார்க்கலாம். எண்ணற்ற இணையத்தளங்கள் பாதுகாப்புக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், கேட்பவர் சொன்ன நீளத்தைச் சரிபாராமல் தன் நினைவகத்தை வாசித்துத் தந்தது. ஒருமுறை கேட்டால் 64 கிலோபைட் வரை கசிந்தது. ஈராண்டுகளாக அது அந்நிரலில் இருந்தது. தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைபாடுகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் தெரிவித்தது. கடுமையான குறைபாடுகளைப் பற்றிக் குரோமியம் திட்டமும் 2020இல் ஏறத்தாழ இதே அளவைச் சொன்னது. இவை கற்றுக்குட்டிகளின் நிரல்கள் அல்ல. எத்தனை தேர்ந்தவரானாலும் எல்லா நாளும் ஒரே கவனத்தோடு இருக்க இயலாது என்பதற்குமேல் இதில் அவமதிப்பு ஏதுமில்லை. சி மொழியின் கோட்டையான லினக்ஸ் கருநிரலே 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் தந்தது.

ரஸ்ட் எல்லா நோய்க்கும் மருந்தன்று. வட்டியைத் தவறாகக் கணக்கிடும் நிரலை அதன் கம்பைலரும் ஏற்றுக்கொள்ளும். பெரிய நிரல்களைக் கம்பைல் செய்ய நேரமும் பிடிக்கும். சிறு வேலைகளுக்குப் பைத்தான் போதும். நாம் சொல்ல வருவது மொழியைப் பற்றியதைவிடக் கற்பவரைப் பற்றியது.

விதியை இளையோர் விரைவில் கற்பர். விதி ஏன் வந்தது என்பது மூத்தோருக்கே தெரியும். திருப்பித் தந்த நினைவகத்தைத் தொட்டு நள்ளிரவில் செயலிழந்த நிரலைத் தேடியலைந்தவர், இரவல் விதியைப் படிக்கும்போது தம் வாழ்க்கையையே படிக்கிறார். அத்தகையவர் முதல் மாதத்துச் சினத்தில் விலகிவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. காரணம் அறியாமல் விதியை மட்டும் அறிந்த ஒரு தலைமுறைக்கும்தான். எனவே அவர்களுக்கு நிறுவனங்கள் தர வேண்டியது கால அவகாசம். வாரக் கணக்கில் வேகம் குறைவதைத் திறமைக் குறைவாக எண்ணலாகாது. நண்பர்கள் தமக்குத் தாமே தர வேண்டியது பொறுமை. ரஸ்டின் பிழைச்செய்திகள் எந்த வரியில் இரவல் தொடங்கியது, எங்கே மீறப்பட்டது என்று சுட்டுகின்றன. பல வேளைகளில் திருத்தத்தையும் சொல்கின்றன. அவற்றைக் கடைசி வரிவரை படிப்பதே பாதிப் பாடம். மறுக்கின்ற ஆசிரியர் பகைவர் அல்லர் என்பதை, மாணவர் தாளில் சிவப்பு மையால் நாள்தோறும் திருத்துகின்ற நாம் உறுதியாகச் சொல்லலாம்.